திண்ணைக்கு வந்த அறிவியல்

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அறிவியல் எழுத்துக்கு என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். பொருள் நெஞ்சில் தெளிவாக நிற்க, அதற்குரிய சொல் நாவுக்கு வராமல் தவிக்கும் தவிப்பைக் கவிஞர் அறிவர். அறிவியலைத் தமிழில் எழுத முற்பட்டவர்களும் அதே தவிப்பை அறிந்தவர்களே. அவர்களுள் முன்னோடியான ஒருவர் நம் சேலம், நாமக்கல் மண்ணில் நின்று அப்பணியைத் தொடங்கினார். அவர் மூதறிஞர் இராஜாஜி. அரசியல் அறிஞராகவும் இராமாயண, பாரதக் கதைகளை எளிய தமிழில் தந்தவராகவும் நாடு அவரை அறியும். வேதியியலையும் தாவரவியலையும் தமிழில் பேசவைக்க உழைத்தவர் என்ற முகம் மட்டும் ஏனோ மங்கிக் கிடக்கிறது. அம்முகத்தையே இக்கட்டுரை நோக்குகிறது.

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1878ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள் தொரப்பள்ளியில் பிறந்தார். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள அச்சிற்றூர் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஓசூரிலும் பெங்களூரிலும் பயின்று, சென்னையில் சட்டம் கற்று, 1900ஆம் ஆண்டு சேலத்தில் வழக்குரைஞராகத் தொழில் தொடங்கினார். தொழில் செழித்தது, பொருளும் புகழும் சேர்ந்தன. எதிர்த்தரப்புச் சாட்சி சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் எடைபோடும் பழக்கம் அவருக்கு நீதிமன்றத்தில் வாய்த்தது. பின்னாளில் அவர் எழுதிய தமிழில் காணும் சிக்கனத்துக்கு அப்பயிற்சியும் ஒரு காரணம் எனக் கருதலாம்.

அக்காலத்தில் உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் அறிவியல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டது. ஆங்கிலம் அறியாத உழவனுக்கும் நெசவாளிக்கும் இல்லத்தரசிக்கும் அக்கதவு அடைபட்டிருந்தது. கதவைத் திறக்க முதலில் சொற்கள் வேண்டும் என்று இராஜாஜி எண்ணினார். 1916ஆம் ஆண்டு சேலத்தில் வெங்கடசுப்பையருடன் இணைந்து தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவினார். அறிவியற் கலைச்சொற்களுக்குத் தமிழ் வடிவம் காண்பதே சங்கத்தின் நோக்கம். அதற்கென ஓர் இதழும் வெளிவந்தது. தமிழுக்குச் சொல் தேடிய அவ்விதழ் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டது என்பது அக்காலத்தின் முரணைக் காட்டும். அறிவியல் கற்றோர் ஆங்கிலத்தில் மட்டுமே ஒருவரோடொருவர் விவாதிக்க வல்லவராயிருந்தனர். புதுவையில் வாழ்ந்த பாரதியார் இம்முயற்சியைச் சுதேசமித்திரன் வாயிலாகத் தமிழர் கவனத்துக்குக் கொணர்ந்தார். எனினும் இதழ் நெடுநாள் நிலைக்கவில்லை.

1917ஆம் ஆண்டு முதல் 1919ஆம் ஆண்டு வரை இராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக விளங்கினார். பின்னர்ச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார், காந்தியடிகளைச் சந்தித்தார், வழக்குரைஞர் தொழிலைத் துறந்தார். 1921ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர்ச் சிறை புகுந்தார். 1925ஆம் ஆண்டு திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தபோது அவர் மீண்டும் நம் சமவெளிக்கு வந்தார். மழை பொய்த்து வறண்டிருந்த அச்சுற்றுப்புறத்தில் நூற்பும் நெசவும் மக்களுக்குக் கஞ்சி வார்த்தன. மனைவியை இழந்து ஐந்து மக்களைப் பேணிய அத்தந்தை, தம் பெருவருவாயை விட்டு ஒரு குடிலில் வாழ்ந்தார்.

இங்குதான் அவருடைய எழுத்து திசை மாறியது. 1929ஆம் ஆண்டு ஆசிரமத்திலிருந்து விமோசனம் என்னும் திங்களிதழை வெளியிட்டார். இளைஞராயிருந்த கல்கி கிருஷ்ணமூர்த்தி அவருக்குத் துணையாசிரியராக அமைந்தார். மதுவிலக்கே இதழின் ஒரே பொருள். மது உடலுக்கும் குடும்பத்துக்கும் செய்யும் கேட்டை அறிவுரையாக மட்டும் கூறாமல், கதையாகவும் படமாகவும் கட்டுரையாகவும் அது எடுத்துரைத்தது. ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் சிற்றூர் வழக்கத்துக்கு ஏற்ற நடை அது. பத்து இதழ்களே வெளிவந்தன. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் நோக்கி உப்பு யாத்திரை புறப்பட்டது. நாமக்கல் கவிஞரின் பாடலைப் பாடியபடி தொண்டர் நடந்தனர். அவர்களை நடத்திச் சென்ற இதழாசிரியர் சிறைப்பட்டார்.

சேலத்துச் சங்கத்தையும் புதுப்பாளையத்து இதழையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒன்று விளங்கும். முதலதில் சொற்களைச் செய்துவைத்துவிட்டுப் படிப்பவருக்காகக் காத்திருந்தார். இரண்டாவதில் படிப்பவரை முன்னிருத்திக்கொண்டு சொற்களைத் தேடினார். அவருடைய அறிவியல் நூல்கள் இவ்விரண்டாம் வழியில் பிறந்தவை. தமிழில் முடியுமா? என்று ஒரு நூலுக்குப் பெயரிட்டார். ஊரார் எழுப்பிய ஐயமே தலைப்பாயிற்று. மற்றொன்று திண்ணை ரசாயனம். திண்ணை வீட்டுக்கும் தெருவுக்கும் இடைப்பட்டது, வழிப்போக்கனும் அமரலாம். ஆய்வுக்கூடத்துக்குரிய கலையை அத்திண்ணைக்குக் கொணர்தல் எளிதன்று. நீரையும் காற்றையும் ஐம்பூதங்களுள் அடக்கிப் பழகியவர் நாம். நீர் இரண்டு வளிகளின் கூட்டு, காற்றோ பல வளிகளின் கலவை என்று நம்மிடம் சொல்பவர், ஒரு சொல்லை மட்டுமன்றி ஓர் உலகத்தையே மாற்றிச் சொல்கிறார். கேட்பவர் வெகுளாமலும் அஞ்சாமலும் அதனைச் சொல்வதற்குத் திண்ணைப் பேச்சின் நடை வேண்டியிருந்தது.

தாவரங்களின் இல்லறம் என்னும் நூற்பெயரைக் கவிஞர்கள் தனியே எண்ணிப் பார்த்தல் தகும். மகரந்தம் சூல்முடியைச் சேர்தலும் வண்டும் காற்றும் தூது செல்லுதலும் விதை உண்டாதலும் தாவரவியலார்க்குப் பாடம். அதற்கு இல்லறம் என்று பெயரிட்ட அளவிலேயே வள்ளுவத்தில் தோய்ந்த தமிழ் நெஞ்சம் பாதிப் பாடத்தைப் புரிந்துகொள்கிறது. கலைச்சொல் ஒன்றையும் புதிதாகப் புனையாமல் பழஞ்சொல்லுக்குப் புதுவேலை கொடுத்த திறம் இது. ரசாயனம் என்ற சொல்லோ பின்னாளில் வேதியியலுக்கு இடம்விட்டு விலகியது. தனித்தமிழ் அன்பர் அவருடைய வடசொற் கலப்பைக் குறைகூறியதில் நியாயம் உண்டு. சொற்கள் மாறின, சொல்லும் முறை நின்றது.

அவர் வாழ்வில் நாம் மறைக்கலாகாத முரண்களும் உள. 1937ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் முதலமைச்சரான அவர், அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். விமோசனத்தின் கனவு சட்டமாயிற்று. மறு ஆண்டே பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். தமிழில் முடியும் என்று காட்ட உழைத்தவரின் ஆட்சியை எதிர்த்தே தமிழ் காக்கப் பல்லாயிரவர் திரண்டனர். 1939ஆம் ஆண்டு நடராசனும் தாளமுத்துவும் காவலில் உயிர்நீத்தனர். 1953ஆம் ஆண்டு அவர் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் குலக்கல்வி எனக் கண்டிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பதவி விலகினார். அறிவியலைத் திண்ணைக்குக் கொணர்ந்தவர், திண்ணைக்கு வெளியே நின்றவர்களின் அச்சத்தை அப்போது உணரத் தவறினார் என்பதே என் கருத்து. 1960களில் இந்தி ஆட்சிமொழியாவதை அவரே முன்னின்று எதிர்த்தார். மனம் மாற அஞ்சாமை அறிவியல் மனத்தின் ஓர் இயல்பு.

முதுமையில் அவரை ஆட்கொண்டது அணுகுண்டுச் சோதனை பற்றிய கவலை. அணுவை விளக்கத் தெரிந்தவருக்கு அணுகுண்டின் பொருளும் தெரிந்திருந்தது. சோதனையால் வெளியாகும் கதிரியக்கத் துகள் காற்றில் பரவிப் பயிரிலும் பாலிலும் படியும், எல்லை பாராது. 1962ஆம் ஆண்டு காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் அமெரிக்கா சென்று, செப்டம்பர் 28ஆம் நாள் குடியரசுத் தலைவர் கென்னடியைக் கண்டு, சோதனைகளை நிறுத்துமாறு எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு அகவை 83. அதுவே அவர் மேற்கொண்ட முதல் மேலைநாட்டுப் பயணம். அடுத்த ஆண்டு வல்லரசுகள் வளிமண்டலச் சோதனையைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதற்குப் பலரும் பல ஆண்டுகள் உழைத்திருந்தனர். அவ்வுழைப்பில் சேலத்து வழக்குரைஞர் ஒருவரின் குரலும் கலந்திருந்தது.

1972ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் இராஜாஜி மறைந்தார். 1958ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அவருடைய இராமாயணம் இன்றும் இல்லந்தோறும் உள்ளது. திண்ணை ரசாயனத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும். புதுவீடுகளில் திண்ணையும் இல்லை. ஆயினும் புதிய அறிவு நாள்தோறும் வந்துகொண்டேயிருக்கிறது. அதற்குரிய தமிழ்ச் சொற்கள் பட்டியல்களில் அச்சேறி, பேசுவாரின்றிக் காத்திருக்கின்றன. அவற்றை நாவுக்குக் கொணர்வது அறிவியலாரின் கடமை மட்டும் அன்று. இல்லறம் என்ற ஒரு சொல்லால் ஒரு தாவரவியல் பாடத்தைத் திறக்க முடிந்ததெனில், கவிஞர்கள் கூடிய இவ்வட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.