பில் பட்னம்: நம்ம ப்ளக்-இன் விண்டோவுக்குள்ள இருக்கிற இன்ஜினியர்

போன செமஸ்டர் கல்ச்சுரல்ஸுக்கு ஒரு பாட்டு மிக்ஸ் பண்ணிட்டு இருந்தேன். குரல் ஒரு இடத்துல கத்துது, இன்னொரு இடத்துல கேட்கவே இல்ல. 1176 கம்ப்ரஸர் மாதிரி செஞ்ச ஒரு ப்ளக்-இன்னைப் போட்டு விண்டோவைத் திறந்தேன். அட்டாக் வேகமா இருக்கட்டும்னு அந்த நாபை இடது கடைசிக்குத் திருப்பினேன். மற்ற கம்ப்ரஸர்ல எல்லாம் இடது பக்கம்தானே குறைஞ்ச மில்லிசெகண்ட்? ஆனா மீட்டர் முள் அசையவே இல்ல. ப்ளக்-இன்னை ரெண்டு தடவை ரீ-இன்ஸ்டால் பண்ணேன். ராத்திரி மூணு மணிக்குத்தான் மேனுவலைப் படிச்சேன். இதுல வலது பக்கம்தான் வேகம். இடது கடைசியில வெச்சா கம்ப்ரஷனே ஆஃப்!

இப்படி ஒரு பெட்டியை யார் செஞ்சாங்கன்னு தேடினப்போதான் பில் பட்னம் பத்தித் தெரிஞ்சது.

பட்னம் 1920-ல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் டான்வில் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயசிலேயே ரேடியோ பைத்தியம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946-ல் சிகாகோ பக்கத்திலிருக்கும் எவன்ஸ்டனில் யுனிவர்சல் ரெக்கார்டிங் என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார். அடுத்து அது சிகாகோ நகருக்குள் சிவிக் ஓபரா கட்டடத்துக்கு இடம் மாறியது.

1947-ல் ஹார்மோனிகேட்ஸ் என்ற மூணு பேர் கொண்ட மவுத் ஆர்கன் குழு அங்கே பதிவு செய்ய வந்தது. பட்னம் அந்தச் சத்தத்தை அப்படியே பதியவில்லை. ஒரு பகுதியைக் கட்டடத்தின் பாத்ரூமுக்கு அனுப்பினார். அங்கே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். டைல்ஸில் மோதித் திரும்பிய எதிரொலியை அந்த மைக்கில் பிடித்து, அசல் சத்தத்தோடு கலந்தார். எதிரொலியைச் செயற்கையாக, கலைக்காகவே பாட்டில் சேர்த்த முதல் பதிவுகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். அந்தப் பாட்டு அமெரிக்காவில் பெரிய ஹிட். இன்னைக்கு நாம ட்ராக்லேர்ந்து ஒரு சென்ட் எடுத்து ரிவெர்ப் ப்ளக்-இன்னுக்கு அனுப்புறோமே, அதே வேலைதான். நமக்கு ஒரு நாப், அவருக்கு ஒரு பாத்ரூம்.

ஒவ்வொரு சேனலுக்கும் தனி ஈக்யூ, தனி எக்கோ சென்ட் என்று மிக்ஸிங் கன்சோல் இன்றைய வடிவத்துக்கு வந்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நம்ம சாஃப்ட்வேரின் மிக்ஸர் விண்டோ அந்தக் கன்சோலின் படம்தான்.

1957-ல் சிகாகோவை விட்டு ஹாலிவுட் போனார். சன்செட் புலவார்டில் யுனைடெட் ரெக்கார்டிங் ஸ்டூடியோவைத் தொடங்கினார். ஃப்ராங்க் சினாட்ரா அங்கே பாடினார். ஸ்டீரியோ அப்போதான் தலைகாட்டிய சமயம். கம்பெனிகள் மோனோ போதும் என்றிருந்தபோது, பட்னம் தன் சொந்தச் செலவில் ஸ்டீரியோவிலும் சேர்த்தே பதிந்து டேப்புகளைப் பத்திரப்படுத்தினார். அந்தப் பணம் திரும்ப வரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. சில வருஷத்தில் ஸ்டீரியோ ரெக்கார்டுகள் விற்க ஆரம்பித்ததும் அதே கம்பெனிகள் அந்த டேப்புகளுக்காக அவரிடமே வந்தன.

ஸ்டூடியோவுக்கு வேண்டிய கருவிகளையும் அவரே செய்தார். முதலில் வால்வு போட்ட 176 லிமிட்டர். பிறகு 1967-ல் 1176. வால்வுக்குப் பதிலா எஃப்இடி. ஆமா, நாம எலக்ட்ரானிக் டிவைசஸ் பேப்பர்ல மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துபோன அதே எஃப்இடி. கேட் வோல்டேஜை மாத்தினா அது ஒரு ரெசிஸ்டர் மாதிரி மாறும் இல்லையா? அதை வெச்சுத்தான் சத்தம் ஏறும்போது லெவலைக் குறைச்சார். அதனால அட்டாக் 20 மைக்ரோசெகண்ட் வரைக்கும் போகும். மெதுவா வெச்சாலும் 800 மைக்ரோசெகண்ட்தான். ரிலீஸ் 50 மில்லிசெகண்டிலிருந்து 1.1 செகண்ட் வரை. த்ரெஷோல்டுக்குத் தனி நாப் கிடையாது. இன்புட்டை ஏத்தினாலே கம்ப்ரஷன் கூடும். 4, 8, 12, 20 என்று நாலு ரேஷியோ பட்டன். நாலையும் ஒண்ணா அமுக்கினா ட்ரம்ஸ் வெறித்தனமா மாறுதுன்னு ஸ்டூடியோ ஆட்கள் கண்டுபிடிச்சாங்க. அந்த விளையாட்டைக்கூட இப்போ ப்ளக்-இன்ல சேர்த்திருக்காங்க.

பட்னம் 1989-ல் காலமானார். விஎஸ்டி ப்ளக்-இன் வந்ததே 1996-ல். தன் பெட்டி ஒரு லேப்டாப் திரையில் படமாக நிற்பதை அவர் பார்க்கவே இல்லை. 1999-ல் அவருடைய மகன்கள் யுனிவர்சல் ஆடியோ கம்பெனியை மறுபடி தொடங்கி 1176-ஐத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2000-ல் அவருக்கு டெக்னிகல் கிராமி விருது கிடைத்தது.

இதைப் படிச்ச பிறகு ப்ரீசெட் லிஸ்டை நான் கடைசியாத்தான் திறக்கிறேன். நீங்களும் ஒரு தடவை இப்படிச் செஞ்சு பாருங்க. ரேஷியோ 4. அட்டாக் நாப் கடிகாரத்தில் 10 மணி திசை, ரிலீஸ் 2 மணி திசை. குரலுக்குப் பலரும் தொடங்குற இடம் இதுதான். முள் 3 முதல் 6 டெசிபல் வரை இறங்குற அளவுக்கு இன்புட்டை ஏத்துங்க. பைபாஸ் போட்டாலும் எடுத்தாலும் ஒரே சத்தம் வர்ற மாதிரி அவுட்புட்டை வையுங்க. இல்லேன்னா சத்தம் அதிகமா இருக்கிறதையே நல்லா இருக்குன்னு நம்ம காது நம்பிடும். அப்புறம் கண்ணை மூடிட்டு அட்டாக்கை மட்டும் மெதுவா நகர்த்துங்க.

எந்தப் பக்கம்னு இப்போ தெரியும்ல?