செவியின் கதவைத் தட்டிப் பார்த்த வைத்தியர்

தெரணியகலை மலைத் தோட்டங்களிலிருந்து பஸ் வண்டி வளைந்து வளைந்து அவிசாவளையை நோக்கி இறங்கும்போது காது அடைத்துக்கொள்வதை நம்மில் பலர் உணர்ந்திருக்கிறோம். எச்சிலை விழுங்கியதும் அடைப்பு நீங்கிவிடுகிறது. அவ்வேளை நமக்குள் திறப்பது, நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் சிறு குழாய். 16-ம் நூற்றாண்டில் அதனை விவரித்த உரோமை நகர் வைத்தியரின் பெயரால் அது யூஸ்டேக்கியன் குழாய் எனப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத இக்கதவு திறக்கிறதா என்று ஒலியைக் கொண்டே அறிய வழிகாட்டியவர் அடம் பொலிற்சர்.

இவர் 1835-ல் ஹங்கேரி நாட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வியன்னாவில் மருத்துவம் கற்று 1859-ல் பட்டம் பெற்றார். காது நோய்களைப் பெரும்பாலான வைத்தியர்கள் பொருட்படுத்தாத காலம் அது. பொலிற்சரோ ஜெர்மனி, பாரிஸ், லண்டன் எனப் பயணம் செய்து, ஒலியையும் செவியையும் ஆராய்ந்த அறிஞர்களிடம் பயின்று வியன்னா திரும்பினார்.

அடைபட்ட குழாயினுள் காற்றைச் செலுத்த, வளைந்த உலோகக் குழலை மூக்கினுள் நுழைப்பதே அன்றைய வழக்கம். சிறுவர்கள் அதற்கு அஞ்சி நடுங்கினர். 1863-ல் பொலிற்சர் எளிய முறையொன்றை வெளியிட்டார். நோயாளி வாயில் சிறிது தண்ணீரை வைத்துக்கொள்வார். இரப்பர்ப் பையின் முனையை ஒரு நாசியில் பொருத்தி, மற்றதை மூடி, அவர் விழுங்கும் கணத்தில் பையை அழுத்தினால் காற்று நடுச்செவியை எட்டும்.

பின்னர் இன்னொன்றையும் கவனித்தார். அதிரும் இசைக்கவையை மூக்கின் முன் பிடித்து விழுங்கச் செய்தால், குழாய் திறக்கும் கணத்தில் ஒலி காதில் உரத்துக் கேட்கும். கத்தியுமில்லை, வலியுமில்லை; ஒலியே சாட்சி சொன்னது.

1873-ல் வியன்னாப் பொது வைத்தியசாலையில் செவிநோய்ச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியபோது, யோசப் குரூபருடன் அதன் பொறுப்பை ஏற்றார். பல நாட்டு வைத்தியர்கள் அங்கு வந்து அவரிடம் கற்றனர். 1907-ல் ஓய்வுபெற்று, 1920-ல் தமது 84-ம் வயதில் காலமானார்.

இன்று இசைக்கவையின் இடத்தைச் சிறு ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் பிடித்துள்ளன. டென்மார்க் வைத்தியர் ஒட்டோ மெற்ஸ் 1946-ல் வெளியிட்ட ஆய்வின் வழியில் வளர்ந்த மற்றொரு கருவி, காதினுள் மெல்லிய ஒலியை அனுப்பி, காற்றழுத்தத்தைச் சற்றே கூட்டிக் குறைத்து, செவிப்பறையில் பட்டுத் திரும்பும் ஒலியை அளக்கிறது. நடுச்செவியில் நீர் தேங்கியிருந்தால் சில விநாடிகளில் காட்டிவிடும். பேச்சு வராத குழந்தையையும் இவ்வாறு சோதிக்கலாம்.

பெற்றோரே, தடிமனுக்குப் பின் சிறுவரின் நடுச்செவியில் நீர் தேங்குவது சாதாரணம். பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் அது தானே வற்றிவிடும். வற்றாவிடில் கேள்வி மந்தமாகும். வகுப்பில் அழைத்தும் திரும்பாத பிள்ளையை மந்தபுத்தி என்றும் பிடிவாதக்காரன் என்றும் ஏசுகிறோம். காதில் எண்ணெய் ஊற்றுவதாலும் இது தீராது. நீர் இருப்பது செவிப்பறைக்கு அப்பால். கையை ஓங்குமுன், அப்பிள்ளைக்கு நம் குரல் கேட்கிறதா என்று வைத்தியரிடம் காட்டி அறிந்துகொள்வோம்.