டெல்லி என்றொரு மனிதர்



டெல்லி என்றதும் நமக்கு நம்ம நாட்டின் தலைநகரம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் டெல்லி என்ற பெயரில் ஒரு மனிதரும் இருந்தார், தெரியுமா? மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கினி நாட்டுக்காரர். முழுப்பெயர் பூபக்கர் டியாலோ டெல்லி. பொது அறிவுப் போட்டியில் இவர் பெயரை நாம் அதிகம் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா முழுவதும் அறிந்த பெயர் அது.

1925-ல் போரெடாகா என்ற ஊரில் பிறந்தார். அப்போது கினி பிரான்சின் பிடியில் இருந்தது. டெல்லி படிப்பில் கெட்டிக்காரர். பாரிஸ் வரை போய்ச் சட்டம் படித்து, 1954-ல் சட்டத்தில் முனைவர் பட்டமும் வாங்கினார். பிறகு செனகலில் தியெஸ் என்ற நகரத்து நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு சட்ட அதிகாரியாக வேலை. 1957-ல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் 8 பகுதிகளுக்கும் பொதுவான பெரிய மன்றத்துக்குச் செயலாளர் ஆனார். வயது அப்போது 32-தான்!

அடுத்த வருடமே எல்லாம் மாறியது. 1958 செப்டம்பர் 28-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. பிரான்சோடு சேர்ந்தே இருக்கிறீர்களா, தனியாகப் போகிறீர்களா என்பதுதான் கேள்வி. மற்ற பகுதிகள் எல்லாம் சேர்ந்தே இருக்கிறோம் என்றன. கினி மட்டும் முடியாது என்றது. அக்டோபர் 2-ல் சுதந்திரம் வந்தது. செகூ டூரே குடியரசுத் தலைவர் ஆனார். கோபப்பட்ட பிரான்ஸ் தன் அதிகாரிகளை எல்லாம் திரும்ப அழைத்துக்கொண்டது. புது நாட்டில் படித்த ஆட்கள் ரொம்பக் குறைவு. செகூ டூரே டெல்லியை அமெரிக்காவுக்கு அனுப்பினார். டிசம்பர் 12-ல் கினி ஐ.நா. சபையில் உறுப்பினர் ஆனது. சட்ட அதிகாரி இப்படித்தான் தூதர் ஆனார். நடுவில் கொஞ்ச காலம் தவிர, 1964 வரை ஐ.நா.வில் கினியின் குரல் அவர்தான்.

அங்கே அவர் செய்த பெரிய வேலை எது என்று பார்ப்போம். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலம் அது. அதை எதிர்க்க ஐ.நா. ஒரு சிறப்புக் குழு அமைத்தது. 1963-ல் அந்தக் குழுவின் முதல் தலைவராக டெல்லியை எல்லோரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். குழுவின் செயலாளர் யார் தெரியுமா? நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த எனுகா ரெட்டி! மேற்கு நாடுகள் பல இந்தக் குழுவில் சேரவே மறுத்தன. இருந்தும் வேலை நிற்கவில்லை. அந்த வருடம் அக்டோபரில் நெல்சன் மண்டேலா மீதும் அவரது தோழர்கள் மீதும் வழக்கு தொடங்கியது. தூக்குத்தண்டனை கிடைக்கும் என்று பலரும் பயந்தார்கள். அக்டோபர் 11-ல் அரசியல் கைதிகளை விடுதலை செய்யச் சொல்லி ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. ஆதரவு 106 ஓட்டு, எதிர்ப்பு 1 ஓட்டு. அந்த ஒரு ஓட்டும் தென்னாப்பிரிக்காவே போட்டுக்கொண்டது!

இதே 1963-ல் மே 25 அன்று அடிஸ் அபாபாவில் 32 நாடுகள் சேர்ந்து ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பைத் தொடங்கின. 1964 ஜூலையில் கெய்ரோ மாநாட்டில் டெல்லி அதன் பொதுச்செயலாளர் ஆனார். மொத்தம் 8 வருடங்கள்.

பதவி பெரிசு, அதிகாரம் சின்னது. நாட்டுத் தலைவர்கள் முடிவு எடுப்பார்கள், செயலாளர் அதை எழுதி வைத்து நடத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் டெல்லி சும்மா எழுதிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. அடிமைப்பட்டுக் கிடந்த அங்கோலா, மொசாம்பிக் போன்ற நாடுகளுக்காகத் துணிந்து பேசினார். இவர் அளவுக்கு மீறிப் பேசுகிறார் என்று சில தலைவர்களுக்கு எரிச்சல். 1972-ல் அவருக்குப் பதிலாக வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர் வெளிநாட்டிலேயே தங்கியிருக்கலாம். அவர் படிப்புக்கும் பெயருக்கும் எங்கே போனாலும் வேலை கிடைத்திருக்கும். ஆனாலும் ஊருக்குத் திரும்பினார். செகூ டூரே அவரை நீதித்துறை அமைச்சர் ஆக்கினார். அந்த நேரத்தில் கினி பழைய கினி இல்லை. தலைநகர் கோனாக்ரியில் கேம்ப் பொய்ரோ என்று ஒரு சிறை. அரசுக்கு எதிரி என்று சந்தேகப்பட்டாலே போதும், விசாரணை இல்லாமல் உள்ளே போடுவார்கள். டெல்லி நீதி அமைச்சராக இருந்த 4 வருடமும் அந்தச் சிறை நடந்துகொண்டுதான் இருந்தது. இதையும் நாம் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

1976 ஜூலை 18-ல் அவரையே கைது செய்தார்கள். ஃபுலா இனத்தவர் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்கிறார்கள், அதற்கு இவர்தான் தலைவர் என்பது குற்றச்சாட்டு. டெல்லி ஃபுலா இனத்தைச் சேர்ந்தவர். சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கியவருக்கு ஒரு நீதிமன்றம் கூடக் கிடைக்கவில்லை, வாதாட ஒரு வக்கீலும் இல்லை. கடைசியில் ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சாப்பாடு கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. 1977 மார்ச் 1-ல் அவர் உயிர் பிரிந்தது. உடலைக்கூடக் குடும்பத்தாரிடம் கொடுக்கவில்லை.

மண்டேலாவுக்காக உலகமே குரல் கொடுத்தது. அந்தக் குரலை எழுப்பியவர்களில் ஒருவர் டெல்லி. டெல்லிக்காக யார் பேசினார்கள்? அவர் 8 வருடம் கட்டி வளர்த்த அமைப்பு பேசவில்லை. ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் இன்னொரு நாடு தலையிடக் கூடாது என்பது அந்த அமைப்பின் சாசனத்திலேயே இருந்த விதி. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளை வல்லரசுகளிடம் இருந்து காப்பாற்ற அந்த விதி தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் சொந்த மக்களைக் கொடுமைப்படுத்திய தலைவர்களுக்கும் அதுவே கவசம் ஆகிவிட்டது.

1984-ல் செகூ டூரே இறந்தார். ஒரே வாரத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கேம்ப் பொய்ரோவில் இருந்த கைதிகள் வெளியே வந்தார்கள். 1981-ல் ஆப்பிரிக்க நாடுகள் மனித உரிமைகளுக்கு என்றே ஒரு சாசனம் ஏற்றன. 2002-ல் ஒற்றுமை அமைப்பின் இடத்தில் ஆப்பிரிக்க ஒன்றியம் வந்தது. இனப்படுகொலை போன்ற பெருங்கொடுமை நடந்தால் உறுப்பு நாட்டுக்குள் தலையிடலாம் என்று அதன் சட்டத்தில் எழுதியிருக்கிறது. டெல்லிக்கு அது 25 வருடம் தாமதம்.

நண்பர்களே, தூரத்தில் நடக்கும் அநியாயத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். பக்கத்தில் நடப்பதைப் பேசுவதுதான் கஷ்டம். இனிமேல் செய்தித்தாளில் இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று எந்த நாடாவது சொல்வதைப் படித்தால், ஒரு நிமிடம் டியாலோ டெல்லியை நினைத்துக்கொள்வோம். உள்ளே பூட்டப்பட்டிருப்பவர் யார் என்றும் கேட்போம்.