கப்பலா, இசையா? யூனிஃபார்மோடு பாடம் நடத்திய புரொஃபசர்!

கையில் நிரந்தர அரசு வேலை. மனசு முழுக்க வேறொரு துறை. இன்றைக்குப் பலரையும் தூங்கவிடாத இந்தக் குழப்பம், 1860-களில் ஒரு ரஷ்யக் கடற்படை இளைஞருக்கும் இருந்தது. அவர், புகழ்பெற்ற இசையமைப்பாளர் நிகோலாய் ரிம்ஸ்கி கோர்சகோவ்.

1844-ல் பிறந்தவர், 12 வயதில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். அண்ணனும் கடற்படை அதிகாரிதான். 17 வயதில் இசையமைப்பாளர் பாலகிரெவ் அறிமுகமாக, சிம்பொனி எழுத ஆரம்பித்தார். ஆனால், 1862-ல் 'அல்மாஸ்' கப்பலில் கிளம்பியே ஆகணும். நியூயார்க், ரியோ டி ஜெனிரோ என ஏறக்குறைய மூன்று வருஷம். கடலிலேயே இசை ஆசை வடிஞ்சுபோச்சு. திரும்பி வந்தவரை பாலகிரெவ் விடவில்லை. 1865-ல் சிம்பொனி அரங்கேறியது.

அதற்காக வேலையைத் தூக்கிப் போடவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் எனச் சில வருஷம் ஓடின.

1871-ல், 27 வயதில், இசைக் கல்லூரிப் பேராசிரியர் வேலை தேடி வந்தது. சிக்கல் என்னன்னா, அவர் இசை இலக்கணத்தை முறையாகப் படித்ததே இல்லை! ஆனாலும் ஒப்புக்கொண்டார். கடற்படை யூனிஃபார்மோடு வகுப்பெடுத்தார். மாணவர்களைவிட ஒரு பாடம் முன்னால் இருக்க, தானும் உட்கார்ந்து படித்தார்.

1873-ல் அதிகாரி பதவியை விட்டார். ஆனாலும், கடற்படை பேண்டு குழுக்களை மேற்பார்வையிடும் சிவிலியன் பதவி கிடைத்ததால் சம்பளம் நிற்கவில்லை.

1888-ல் அவர் எழுதிய 'ஷெஹரசாத்', சிந்துபாத்தின் கப்பலோடும் கடலோடும்தான் தொடங்குகிறது. பிடிக்காத வேலையில் போன வருஷங்களும் கணக்கில் வரும், பாஸ்!