வீட்டுக்குள் வந்த கேள்வி

காலையில் எழுந்ததும் செய்தித்தாளைத் தேடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். வீட்டுக்கு வராவிட்டாலும் தேநீர்க் கடையில் நின்று புரட்டிவிடுகிறோம். ஆனால் தமிழில் அரசியலை நாள்தோறும் மக்களிடம் கொண்டு சென்ற முன்னோடியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவர்தான் ஜி. சுப்பிரமணிய ஐயர். அவரது வாழ்வை இன்று சற்று நினைத்துப் பார்ப்போம்.

தஞ்சை மாவட்டம் திருவையாற்றில் 1855-ஆம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். படித்து முடித்துச் சென்னைக்கு வந்து ஆசிரியரானார். ஸ்காட்லாந்து திருச்சபையினர் நடத்திய பள்ளியிலும் சில காலம் பணியாற்றினார். பெரிய சொத்தோ செல்வாக்கோ இல்லாத சாதாரண பள்ளி ஆசிரியர் அவர்.

1878-ஆம் ஆண்டு தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக நியமிக்கப்பட்டார். ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அந்த நியமனத்தைக் கடுமையாகத் தாக்கின. பதில் சொல்ல இந்தியர் கையில் ஒரு பத்திரிகை இல்லையே என்று திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் வருந்தினார்கள். இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்டம் படித்தவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20 அன்று வார இதழாக ‘தி இந்து’வை வெளியிட்டார்கள். அதன் ஆசிரியர் சுப்பிரமணிய ஐயர். அப்போது அவருக்கு வயது 23. 1889-இல் அது நாளிதழாக வளர்ந்தது.

ஆங்கிலம் படித்தவர்களுக்கு மட்டும் அரசியல் தெரிந்தால் போதாது என்று அவர் எண்ணினார். ஆகவே 1882-இல் ‘சுதேசமித்திரன்’ என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1885-இல் மும்பையில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே. இந்திய நிர்வாகத்தை விசாரிக்க ஒரு ஆணையம் வேண்டும் என்பதே அத்தீர்மானம்.

இதுவரை நாம் பார்த்தது துணிச்சலான ஒரு பத்திரிகையாளரை. உண்மையான சோதனை அவர் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

அந்நாளில் சிறுமிகளுக்குத் திருமணம் செய்து வைத்தார்கள். கணவன் இறந்துவிட்டால் அந்தக் குழந்தை வாழ்நாள் முழுவதும் விதவைதான். சுப்பிரமணிய ஐயர் இக்கொடுமைக்கு எதிராக எழுதியும் பேசியும் வந்தார். அவருடைய மகளும் இளம் வயதிலேயே விதவையானாள். ஊருக்குச் சொன்னதைத் தன் வீட்டில் செய்வாரா என்ற கேள்வி இப்போது அவர் முன் நின்றது. 1889-இல் மும்பையில் தம் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். உறவினர்களும் சமூகத்தாரும் அவரை ஒதுக்கி வைத்தார்கள். நேற்றுவரை அவருடைய கட்டுரைகளைப் பாராட்டியவர்களிலும் பலர் விலகிப் போனார்கள். அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

சமூகச் சீர்திருத்தத்தில் அவர் காட்டிய தீவிரம் பத்திரிகை நிர்வாகத்திலும் பிளவை உண்டாக்கியது. 1898-இல், தாம் இருபது ஆண்டுகள் வளர்த்த ‘தி இந்து’வை விட்டு வெளியேறினார். மனம் தளராமல் சுதேசமித்திரனுக்கே தம்மைத் தந்து, 1899-இல் அதை நாளிதழாக்கினார். 1904-இல், மதுரையில் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞரை அழைத்து வந்து துணையாசிரியர் பணி கொடுத்தார். அந்த இளைஞர்தான் சுப்பிரமணிய பாரதி.

ஆண்டுகள் செல்லச் செல்ல அவருடைய எழுத்தில் வேகம் கூடியது. 1908-இல் அரசுக்கு எதிராக எழுதினார் என்று கைது செய்யப்பட்டார். அப்போதே உடல் நலிந்திருந்தார். இறுதி ஆண்டுகளில் கொடிய தோல் நோய் அவரை வாட்டியது. 1915-இல் சுதேசமித்திரனையும் மற்றொருவரிடம் ஒப்படைத்துவிட்டார். 1916 ஏப்ரல் 18 அன்று காலமானார். தாம் கனவு கண்ட சுதந்திரத்தை அவர் பார்க்கவில்லை.

அன்புக்குரியவர்களே, சுப்பிரமணிய ஐயர் இரண்டு பெரிய பத்திரிகைகளை உருவாக்கினார். ஆனாலும் அவரை உயர்த்திக் காட்டுவது, தம் பேனா எழுதியதைத் தம் வீட்டு வாசலிலேயே நிறைவேற்றியதுதான். வெள்ளைக்கார அரசை எதிர்த்து எழுதியபோது அவருக்குப் பின்னால் மக்கள் நின்றார்கள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவருடன் நின்றவர்கள் மிகச் சிலரே. இவற்றில் எது கடினம் என்று நமக்குத் தெரியும்.

கணவனை இழந்த பெண், தன் பிள்ளையின் திருமணத்திலேயே ஒதுங்கி நிற்பதை நாம் இன்றும் பார்க்கிறோம். மேடையில் சமத்துவம் பேசுகிறோம். மகளுக்கு வரன் பார்க்கும்போது சாதியைக் கேட்கிறோம். வரதட்சணை தவறு என்று ஒப்புக்கொள்கிறோம். மகனுக்குப் பெண் பார்க்கும்போது மௌனமாகிவிடுகிறோம். ஊருக்கு நாம் சொல்லும் நியாயம் ஒருநாள் நம் வீட்டுக் கதவைத் தட்டும். அப்போது நாம் கதவைத் திறப்போமா? இந்த வாரம் நம் குடும்பத்தோடு அமர்ந்து சிந்திப்போம்.