ஜீவசாஸ்திரப் பேராசிரியர் ஹால்டேன்

அயல்நாட்டிற் பிறந்து, நம் நாட்டைத் தம் நாடாகக் கொண்டு, இம்மண்ணிலேயே உயிர் நீத்த அறிஞர் சிலர் உளர். அவருள் ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் என்பார் ஒருவர். டார்வின் பெரியார் கண்ட இயற்கைத் தேர்வு என்னும் கொள்கையைக் கணிதமாக்கிய மூவருள் இவர் ஒருவராவர். ஏனையோர் பிஷர், ரைட் என்போர். அம்மூவருள் மனித சமூகத்தின் நோய், மணம், உறவு, அரசியல் ஆகியவற்றின்மேல் மிகுதியாகக் கருத்தைச் செலுத்தியவர் ஹால்டேனே என்பது நம் துணிபு.

இவர் 1892-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரிற் பிறந்தார். தந்தையார் சுவாசத்தின் இயல்பை ஆராய்ந்த புகழ்பெற்ற விஞ்ஞானி. மகன் சிறுவனாயிருந்தபோதே அவனைச் சுரங்கங்களுக்கு அழைத்துச் செல்வார். ஒருமுறை சுரங்கத்துள் தீப்பற்றும் வாயு நிறைந்த ஓரிடத்தில் மகனை நிமிர்ந்து நிற்கச்செய்து, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் அந்தோணி ஆற்றும் சொற்பொழிவை ஒப்புவிக்குமாறு பணித்தார். சிறுவன் சில அடிகள் சொல்லுமுன்னரே மூச்சுத் திணறிக் கால் தளர்ந்து விழுந்தான். தரையருகே காற்று நன்றாயிருந்தமையால் தெளிந்தான். அவ்வாயு காற்றினும் இலேசானது, மேலே மிதப்பது, உயிரை உடனே போக்காதது என்னும் பாடங்கள் அவனுக்கு என்றும் மறக்கவில்லை. இவ்வாறு கற்பிக்கும் துணிவு இக்காலத் தந்தையர்க்கு வாராது. வரவேண்டுமென்றும் நாம் கூறோம்.

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் கணிதத்திலும், பின்னர்க் கிரேக்க இலத்தீன் இலக்கியங்களிலும் தத்துவத்திலும் முதல் வகுப்பில் தேறினார். விஞ்ஞானத்தில் இவர் பட்டம் ஒன்றும் பெறவில்லை என்பதை நம் மாணவர்கள் கவனிப்பார்களாக. முதல் உலக யுத்தத்தில் பிரான்சிலும் மெசபொடேமியாவிலும் போர்புரிந்து காயமுற்றார். காயம் ஆறுவதற்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது இந்நாட்டின்மேல் அவருக்குண்டான பற்று நாற்பதாண்டு அடங்கிக் கிடந்தது.

1924-ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுக் காலம், இயற்கைத் தேர்வின் கணிதத்தைப்பற்றிக் கட்டுரைகள் வரிசையாக வெளியிட்டார். அவற்றுள் முதலாவதில் வரும் ஓர் உதாரணம் யாவரும் அறியத்தக்கது. மான்செஸ்டர் நகர்ப்புறத்தில் புள்ளியிட்ட வெண்ணிற அந்துப்பூச்சி ஒன்று உண்டு. 1848-இல் அவ்வினத்திற் கரிய பூச்சி ஒன்று அங்கே அரிதாகக் காணப்பட்டது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அங்குள்ள பூச்சிகள் ஏறக்குறைய யாவும் கரியனவாயின. ஆலைப் புகையால் மரங்கள் கறுக்கவே, வெண்பூச்சிகள் பறவைகளின் கண்ணுக்கு எளிதிற் புலப்பட்டு இரையாயின. ஐம்பதாண்டுக்குள் இத்துணை மாறுதல் நிகழ, கரிய பூச்சிக்கு எவ்வளவு அனுகூலம் இருந்திருத்தல் வேண்டும் என்று ஹால்டேன் கணக்கிட்டார். வெண்பூச்சி இரண்டு பிழைத்துச் சந்ததி விடுமிடத்துக் கரும்பூச்சி மூன்று பிழைத்தல்வேண்டும் என்பது விடை. இயற்கைத் தேர்வு அத்துணை வன்மையுடையதென அக்காலத்தார் எண்ணியிருக்கவில்லை. 1950-களில் கெட்டில்வெல் என்பார் காட்டிற் சென்று ஆராய்ந்து, கருத்தளவில் அது மெய்யே எனக் கண்டார்.

கேம்பிரிட்ஜிலும் பின்னர் லண்டனிலும் ஆசிரியராயிருந்த காலத்தில், ஆபத்தான சோதனைகளை இவர் தம் உடம்பிலேயே செய்துகொண்டார். 1939-இல் தீடிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் அமிழ்ந்து 99 பேர் இறந்தபொழுது, காரணம் அறிவதற்காகத் தாமும் சில தோழரும் இரும்பு அறையுள் அடைபட்டு நச்சுக்காற்றைச் சுவாசித்தனர். அதன்பின் செய்த சோதனைகளில் முதுகெலும்பு நசுங்கியதால் வாழ்நாள் முழுவதும் வலி பொறுத்தார். பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்து சிலகாலம் உழைத்தார். ரஷ்யாவில் லைசென்கோ என்பவரின் பொய்விஞ்ஞானத்துக்கு அரசு ஆதரவு தந்தபோது உடனே கண்டிக்கத் தயங்கியது இவர் வரலாற்றிற் குறையே. பின்னர் அக்கட்சியை விட்டு விலகினார்.

இயற்கைத் தேர்வின் பெயரால் ஏழைகளையும் தாழ்த்தப்பட்டோரையும் தகுதியற்றோர் என இகழ்ந்த கூட்டம் ஒன்று அந்நாளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓங்கியிருந்தது. ஜெர்மனியில் அஃது இனவெறிச் சட்டமாயிற்று. பாரம்பரியமும் அரசியலும் என்னும் பொருள்பற்றி 1938-இல் ஹால்டேன் எழுதிய நூல் அவர்தம் வாதங்களைக் கணக்கிட்டே மறுத்தது. அரிய பிறவிக்குறை ஒன்று மறைந்து நின்று தலைமுறை தாண்டி வெளிப்படுவதாயின், அக்குறை வெளிப்பட்டவர்களைக் கருத்தடை செய்வதால் அது ஆயிரம் ஆண்டிலும் ஒழியாது. அக்கூற்றை மறைவாகத் தாங்குவோரே மிகப் பலர் என்பது அவ்வாதங்களுள் ஒன்று.

மனிதன்மேல் இயற்கைத் தேர்வு எவ்வழியால் மிகுதியாகச் செயற்பட்டது? பகைவரின் வாளினும் நோயே பெரிய தேர்வாளன் என்றார் இவர். மக்கள் பயிர்த்தொழில் கொண்டு ஊர்களில் நெருங்கி வாழத்தொடங்கியபின் தொற்றுநோய் பெருகிற்று. மத்தியதரைக்கடற் பகுதிகளிற் காணும் ஒருவகை இரத்தக் குறை, இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் குழந்தையைக் கொல்லும். அங்ஙனமிருந்தும் அஃது அழியாது நிலைத்ததேன்? ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றோர் மலேரியாவைத் தாங்கியிருக்கக்கூடும் என 1949-இல் வெளிவந்த கட்டுரையில் ஊகித்தார். 1954-இல் ஆலிசன் என்பார் ஆப்பிரிக்காவில் அரிவாள் வடிவ இரத்த அணுக்களை ஆராய்ந்து அதற்கு ஆதாரம் காட்டினார். அவ்வணுக்களே 1952-இல் நம் நீலகிரிப் பழங்குடியினரிடையேயும் கண்டறியப்பட்டன.

1957-இல் மனைவியார் ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிலையத்துக்கு வந்தார். சூயஸ் கால்வாய்மேல் தம் நாடு படையெடுத்ததைக் கண்டித்தே புறப்பட்டதாகக் கூறினார். இந்திய உடை தரித்தார், புலால் விடுத்தார், இந்தியக் குடியுரிமையும் பெற்றார். உயிர்களைத் துன்புறுத்தாமலே ஆராயலாமெனத் தம் மாணவர்க்குக் கற்பித்தார். ராய் பவழமல்லிப் பூவின் இதழ்களை எண்ணினார். ஜெயகர் ஆள்காட்டிப் பறவையின் கூட்டருகே காத்திருந்தார். டேவிஸ் தென்னை ஓலைகள் இடஞ்சுழியோ வலஞ்சுழியோ என்று பார்த்தார். விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. நம் அருணாசல மலையில் ரமணர் குகைகளில் வசித்த நாட்களிற் குரங்குக் கூட்டங்களின் தலைமையையும் வழக்கங்களையும் பொறுமையுடன் நோக்கியறிந்ததும் இத்தகையதே.

இவ்வூரார்க்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. தாய்மாமன் அக்காள் மகளை மணப்பதும், அத்தை மகனும் மாமன் மகளும் மணப்பதும் திருவண்ணாமலைச் சுற்றுப்புறத்தில் யாவரும் அறிந்தவை. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் வழக்கம் உண்டெனில் மாமன் மணத்தைத் தடுப்பதில்லை. இம்மணங்களின் விளைவு கணிதத்திற்கு உட்படுவது. ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே கூற்றைக் குழந்தை இருவழியாலும் பெறும் வாய்ப்பு, மாமன் மணத்தில் எட்டிலொன்று. அத்தை மாமன் மக்கள் மணத்தில் பதினாறிலொன்று. இத்தகைய மணங்கள் பல நூற்றாண்டாக நிகழும் தென்னாட்டைப் போன்ற ஆராய்ச்சிக்களம் உலகில் அரிது எனக் கண்டு, ஹால்டேன் தம் மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜுவை ஆந்திரத்தில் இதனை ஆராயுமாறு ஊக்கினார். தீய கூறுகள் முன்னரே களையப்பட்டு இங்குத் தீங்கு குறைந்திருக்கலாம் என்று ஒரு கருத்து எழுந்தது. 1970-களில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார், நம் ஊரும் அடங்கியிருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஆராய்ந்தபோது, கருச்சிதைவு முதலியவற்றில் பெரிய வேறுபாடு காணவில்லை. பிற ஆராய்ச்சிகளோ சிசு மரணம் சிறிது மிகுதி எனக் காட்டின. ஆகவே, மணம் பேசும் வீட்டார், குடும்பத்திற் செவிடோ வேறு பிறவிக்குறையோ இருப்பின் மருத்துவரை முன்னரே கேட்பது நன்று. சொத்து வெளியே போகாது என்னும் நியாயம் அதற்கு ஈடாகாது.

உறவினர்க்காக உயிர் கொடுக்கும் இயல்பு பிராணிகளிடம் எங்ஙனம் நிலைத்தது என்னும் புதிரையும் 1955-இல் இவர் தொட்டார். உடன்பிறந்தான் நம் கூறுகளிற் பாதி உடையவன். சிற்றப்பன் மகன் எட்டிலொரு பங்கு உடையவன். வெள்ளத்தில் விழுந்த குழந்தையைக் காக்கத் தூண்டும் கூறு, அக்குழந்தை உறவாயின், காப்பவன் இறப்பினும் அழியாமல் நிற்கலாம். இக்கருத்தை முழுக் கொள்கையாக விரித்தவர் ஹாமில்டன். அவர் கட்டுரை 1964-இல் வெளிவந்தது.

கல்கத்தா நிலையத்தாரோடு பிணங்கி 1961-இல் அதனை விட்டார். அவ்வாண்டே அமெரிக்க அலுவலர் மீது கொண்ட மனத்தாங்கலால் உண்ணாவிரதமும் இருந்தார். எவரோடும் எளிதில் ஒத்துப்போகும் இயல்பு அவரிடம் இல்லை. 1962-இல் ஒரிஸ்ஸா அரசின் ஆதரவில் புவனேசுவரத்தில் ஆராய்ச்சிக் கூடம் அமைத்தார். ஈராண்டில் புற்றுநோய் கண்டது. நோயைக் கேலி செய்து ஒரு செய்யுள் இயற்றி, மக்கள் தாமதியாது மருத்துவரிடம் செல்லவேண்டும் என்று வற்புறுத்தினார். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் நாள் புவனேசுவரத்திற் காலமானார். உடலை மருத்துவ மாணவர் கற்பதற்குக் கொடுக்குமாறு எழுதிவைத்திருந்தார். அது காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது.