முதல் பெண் பொறியாளர் லலிதா

கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794ஆம் ஆண்டு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அங்கு ஆண்களே பயின்றனர். 1940ஆம் ஆண்டில் அந்நிலையை மாற்றியவர், இருபது வயது நிரம்பிய ஓர் இளந்தாய். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்று போற்றப்படும் அ. லலிதாவே அவர்.

லலிதா 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் பிறந்தார். தந்தை பப்பு சுப்பாராவ், கிண்டிக் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அக்கால வழக்கப்படி லலிதாவுக்குப் பதினைந்தாம் வயதிலேயே திருமணம் நடந்தது. பதினெட்டாம் வயதில், கைக்குழந்தைக்கு நான்கு மாதமே ஆன நிலையில், அவர் கணவரை இழந்தார். கைம்பெண்கள் வீட்டின் மூலையில் ஒடுங்கி வாழ வேண்டும் எனச் சமூகம் எதிர்பார்த்த காலம் அது. லலிதாவோ தந்தையின் துணையுடன் மீண்டும் நூல்களைக் கையில் எடுத்தார். இராணி மேரி கல்லூரியில் இடைநிலை வகுப்பை முதல் வகுப்பில் முடித்தார்.

பெண்கள் மருத்துவம் பயில்வது அப்போதே வழக்கிற்கு வந்திருந்தது. ஆயினும் மருத்துவர் நள்ளிரவிலும் பணிக்குச் செல்ல நேரும். குழந்தையைப் பிரிய நேரும். எனவே, குறித்த நேரத்தில் வீடு திரும்ப இடந்தரும் பொறியியலை லலிதா விரும்பினார். கல்லூரி முதல்வர் சாக்கோ, பொதுக்கல்வி இயக்குநர் ஸ்டேத்தம் ஆகியோரின் ஒப்புதலுடன் அவருக்கு மின்பொறியியல் பிரிவில் இடம் கிடைத்தது.

இடம் கிடைத்தும் தனிமை நீங்கவில்லை. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கிடையே அவர் ஒருவரே பெண். விடுதியிலும் தனியே தங்கினார். உறவினர் வீட்டில் வளர்ந்த குழந்தையை வார இறுதிகளில் மட்டுமே கண்டார். மகளின் தனிமையை உணர்ந்த சுப்பாராவ், பெண்களும் சேரலாம் என விளம்பரம் செய்யுமாறு கல்லூரியை வேண்டினார். அவ்வாறே விளம்பரம் வெளிவந்தது. லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா ஆகிய இருவரும் கட்டடப் பொறியியல் பிரிவில் சேர்ந்தனர். பின்னாளில் திரேசியா கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

பட்டச் சான்றிதழ்கள் ஆண்களுக்கெனவே அச்சிடப்பட்டிருந்தன. அதனால், லலிதாவின் சான்றிதழில் ஆண்பாற்சொல் அடிக்கப்பட்டுப் பெண்பாற்சொல் எழுதப்பட்டது.

ஜமால்பூர் தொடர்வண்டிப் பணிமனையில் பயிற்சி பெற்ற லலிதா, சிம்லாவில் பணியாற்றினார். பின்னர்க் கல்கத்தாவில் ஒரு மின்பொறியியல் நிறுவனத்தில் சேர்ந்து, மின்தொடர் பாதைகளையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவருக்குப் பங்குண்டு.

1964ஆம் ஆண்டு நியூயார்க்கில் பெண் பொறியாளர், அறிவியலாளர்க்கான முதல் பன்னாட்டு மாநாடு நடைபெற்றது. லலிதா அதில் பங்கேற்றார். மறு ஆண்டே இலண்டன் பெண்கள் பொறியியல் சங்கத்தின் உறுப்பினரானார். மறுமணம் செய்யாமல் தம் மகளை வளர்த்து ஆளாக்கிய அவர், 1979ஆம் ஆண்டு மறைந்தார்.

ஒருவருக்கு இடம் அளிப்பதோடு கல்விக்கூடத்தின் கடமை நிறைவடைவதில்லை. அவரைப் போன்ற பிறரும் வந்து சேர வழிவகுக்க வேண்டும். கிண்டியில் வெளியான அந்த விளம்பரமும் லலிதாவின் வாழ்வும் இதனையே உணர்த்துகின்றன.